எபிடியூரலா, பட்டன் பம்பா, தசை ஊசியா? பெரிய வயிற்று ஒப்பரேஷனுக்குப் பிறகு நோவை எதனால் அடக்குவது

அம்மாவுக்குப் பெருங்குடலில் கட்டி என்று தெரிந்து ஒப்பரேஷனுக்கு நாள் குறித்ததும் எங்கள் வாட்ஸ்அப் குழு இரண்டு கட்சியாகிவிட்டது. டொரொண்டோவில் இருக்கும் அக்கா, "எபிடியூரல்தான் போடச் சொல்லு, வேறொன்றுக்கும் ஓம் சொல்லாதே" என்றார். எபிடியூரல் என்றால் முதுகில் குழாய் வைத்து மருந்து விடுவது. கொட்டாஞ்சேனை மாமாவோ அந்தச் சொல்லைக் கேட்டாலே முதுகைப் பிடித்துக்கொள்கிறவர், அவருக்கு "பட்டன் அமத்திற மெஷின்" தான் நல்லதாம். வெள்ளவத்தையில் அம்மாவோடு இருக்கிறவள் நான், ஆஸ்பத்திரியில் படிவங்களோடு அலையப் போகிறவளும் நான்தான். அதனால் மயக்க மருந்து டொக்டரை இரண்டு தடவை மறித்து, கேட்கக் கூடியதெல்லாம் கேட்டு, வீட்டுக்கு வந்து வாசித்தும் பார்த்தேன். இதே வாசலில் நிற்கிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை, கடைசி முடிவு உங்கள் டொக்டருடையது, சரியா?

முதலில் கீறல் எப்படி என்று கேளுங்கள். சிறு துளைகள் போட்டு லாப்ரஸ்கோப்பியில் செய்தால் எபிடியூரலுக்குப் பெரும்பாலும் தேவையே இருக்காது. தொப்புளுக்கு மேலிருந்து கீழ்வரை நேர்க்கோடாகத் திறக்கிறார்கள் என்றால் கதை வேறு. அப்போது இரண்டு விதமான நோவு வரும். ஒன்று தோலும் தசையும் வெட்டுப்பட்ட நோவு, இருமினால், புரண்டால் கத்தி மாதிரிக் குத்துவது. மற்றது உள்ளே குடலைப் பிடித்துப் பிசைவதுபோன்ற மந்தமான நோவு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் எது நல்லது என்று வாதாடுவதில் பயனில்லை, ஏனென்றால் சில முறைகள் முதலாவதை மட்டுந்தான் தொடும்.

எபிடியூரலை எடுத்துக்கொள்வோம். நடு முதுகில், தோள்பட்டை எலும்புக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட இடத்தில், தூண்டில் நைலோன் நூல் மாதிரி ஒரு மெல்லிய குழாயை முள்ளந்தண்டின் உறைக்கு வெளியே வைத்து, மரத்துப்போகச் செய்யும் பியூப்பிவக்கெயினையும் மோர்ஃபின் வகை மருந்தான ஃபென்டனிலைக் கொஞ்சமும் சொட்டுச் சொட்டாக இரண்டு மூன்று நாளைக்கு ஓடவிடுவார்கள். சரியாக வேலை செய்தால் இதற்கு நிகர் இல்லை, அக்கா சொன்னதில் பிழை கிடையாது. ஆள் தெளிவாக இருப்பார், ஆழமாக மூச்செடுப்பார், இரத்தத்தில் மோர்ஃபின் அதிகம் சேராததால் குடலும் சீக்கிரம் அசையத் தொடங்கும். 2002இல் வெளிவந்த, 915 நோயாளிகளைக் கொண்ட ஒரு பெரிய ஆய்வில் எபிடியூரல் போட்டவர்களுக்கு நோவும் குறைவு, மூச்சுக் கோளாறும் குறைவு. ஆனால் இறப்பு விகிதத்தில் வித்தியாசம் இல்லை. அதாவது போடாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று யாராவது பயமுறுத்தினால் நம்பத் தேவையில்லை.

"சரியாக வேலை செய்தால்" என்றேன் அல்லவா, சிக்கலே அங்கேதான். மாமாவுக்கு முன்பு எபிடியூரல் போட்டிருந்தபோது, ஒரு சனிக்கிழமை இடது பக்கம் முழுக்க மரத்துப்போய் வலது பக்கம் அப்படியே நொந்தது. குழாய் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்திருக்கிறது. கொஞ்சம் வெளியே இழுத்தோ மருந்தைக் கூட்டியோ பார்க்கலாம், அதைச் செய்யத் தெரிந்தவர் வர ஞாயிறு மத்தியானமாகிவிட்டது. எபிடியூரல் பாதியில் சறுக்குவது அபூர்வமான விஷயம் இல்லை. இதைவிட, பிரஷர் இறங்கும், கால் பாரமாகும், சலக்குழாய் கூடுதலாக ஒரு நாள் இருக்கும். போடும்போது உறை தற்செயலாகத் துளைபட்டால், எழுந்து உட்கார்ந்ததும் மண்டை பிளப்பதுபோலத் தலையிடி வரும், அது ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு.

எல்லாரும் பயப்படுவது காலம் முழுக்கக் கால் விளங்காமல் போய்விடுமோ என்றுதான். பிரித்தானியாவில் நாடு முழுவதும் கணக்கெடுத்து 2009இல் வெளியிட்ட அறிக்கைப்படி, ஒப்பரேஷனுக்காக எபிடியூரல் போட்டவர்களில் ஏறக்குறைய 5,800 பேரில் ஒருவருக்கு நிரந்தரப் பாதிப்பு, நல்லவிதமாகக் கணித்தால் 12,000 பேரில் ஒருவருக்கு. சிறிய எண்தான், பூச்சியம் இல்லை. இரத்தம் உறையாமல் வயிற்றில் போடும் எனொக்ஸாபரின் ஊசியின் நேரம் இங்கே முக்கியம், குழாய்ப் பக்கம் இரத்தம் கசிந்து நரம்பை அழுத்தலாம். வழமையான தடுப்பு அளவு போட்டால் 12 மணித்தியாலம் கழித்துத்தான் எபிடியூரல் குழாயைச் செருகவோ கழற்றவோ வேண்டும். கழற்றிய பிறகும் அடுத்த ஊசிக்குக் குறைந்தது 4 மணித்தியாலம் பொறுக்க வேண்டும். கால் பலம் குறைந்துகொண்டே போனாலோ புதிதாக முதுகு நொந்தாலோ விடியட்டும் என்று இருக்கக் கூடாது, உடனே சொல்ல வேண்டும்.

பட்டன் பம்ப் வேறு மாதிரி. மோர்ஃபின் நிரப்பிய ஊசிக்குழாய் ஒரு பெட்டிக்குள் பூட்டியிருக்கும், கையில் பட்டன். அமத்தினால் வழக்கமாக 1 மில்லிகிராம் இரத்தக் குழாய்க்குள் போகும், அடுத்த 5 நிமிடத்துக்கு எத்தனை தரம் அமத்தினாலும் ஒன்றும் வராது. இதன் பாதுகாப்பு முழுவதும் ஒரு சின்ன விஷயத்தில் இருக்கிறது: மருந்து கூடினால் ஆள் நித்திரையாவார், நித்திரையானால் அமத்த மாட்டார். அதனால்தான் நோயாளியைத் தவிர வேறு யாரும் பட்டனைத் தொடக் கூடாது. பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு, "பாவம் நித்திரையில் முனகுறா" என்று மருமகள் அமத்தப் போய் நேர்ஸ் மிஸ்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதைக் கண்ணால் பார்த்தேன். மிஸ் கோபப்பட்டது நியாயம், மூச்சே நின்றிருக்கலாம்.

சத்தி, கடி (அரிப்பு), மலச்சிக்கல், குடல் மந்தம் எல்லாம் மோர்ஃபினோடு ஒட்டிக்கொண்டு வரும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அதன் மிச்சம் உடம்பில் தங்கிவிடும் என்பதால் ஃபென்டனில் வைப்பார்கள். படுத்துக் கிடக்கும்போது பம்ப் நன்றாகத்தான் இருக்கும், இருமும்போது எபிடியூரல் அளவுக்கு வராது. அப்புறம், எங்கள் அம்மா மாதிரி ஆட்கள் பட்டனை அமத்தவே மாட்டார்கள். "இருக்கட்டும், தாங்கலாம், மருந்து முடிஞ்சிரும்" என்பார்கள். குழப்பம் உள்ள வயதானவர்களுக்கும் கை விரல் மடங்காத மூட்டுவாதக்காரருக்கும் இது சரிவராது.

மூன்றாவது, தசை ஊசி. ஸ்கான் பார்த்தபடி வயிற்றுத் தசை அடுக்குகளுக்கு நடுவே மரப்பு மருந்தைப் போடுவது. பக்கவாட்டில் போடுவதை டாப் பிளொக் என்கிறார்கள், ஒரு தரம் போட்டால் அரை நாளோ கொஞ்சம் கூடவோ தாங்கும். நடுக்கீறலுக்கு அதைவிட நல்லது, கீறலின் இரு பக்கமும் தசை உறைக்குள் மெல்லிய குழாய் வைத்துவிட்டு நேரத்துக்கு நேரம் மருந்து ஏற்றுவது. பிரஷர் இறங்காது, கால் மரக்காது, முதுகைத் தொடுவதே இல்லை. ஆனால் உள்ளே பிசையும் நோவுக்கு இது கைகொடுக்காது, கூட இன்னொன்று வேண்டும். முதுகெலும்பு நீருக்குள் ஒரேயொரு தரம் துளி மோர்ஃபின், 100 முதல் 300 மைக்ரோகிராம் வரை, போடுவதும் உண்டு. லாப்ரஸ்கோப்பிக்குப் பலர் விரும்புவது அது. ஒரு நாளைக்குத் தாங்கும், அந்த ஒரு நாளும் மூச்சைக் கவனிக்க வேண்டும், மூக்கு நுனி கடித்துக்கொண்டே இருக்கும்.

எதை எடுத்தாலும் அடியில் பனடோல் (பரசிட்டமோல்) ஓட வேண்டும். சிரிக்காதீர்கள். ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் 1 கிராம், நாளுக்கு 4 கிராமுக்கு மேல் இல்லை, நோவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நேரத்துக்கு. அம்மா 46 கிலோதான், 50க்குக் கீழே என்பதால் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று கணக்குப் போட்டுக் குறைத்தார்கள். சேலைனோடு பனடோல் ஏறும்போது வீட்டு ஆட்கள் கைப்பையிலிருந்து இரண்டு குளிசை கொடுப்பது ஈரலுக்கு வினை. வோல்டரன், அதாவது மலவாசலில் வைக்கும் டைக்ளோஃபெனக், நோவுக்கு நல்ல சாமான்தான். ஆனால் சீனி வருத்தத்தால் சிறுநீரகம் தேய்ந்தவருக்கும், வயிற்றுப்புண், ஆஸ்துமாக்காரருக்கும் யோசிக்க வேண்டும். குடலை வெட்டி ஒட்டியவர்களுக்கு ஒட்டிய இடம் கசியலாம் என்ற சந்தேகமும் உண்டு. எங்களுக்கு வோல்டரனை மருந்துப் பட்டியலிலிருந்து வெட்டிவிட்டார்கள்.

இத்தனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு எனக்குப் பட்டது, இரவு இரண்டு மணிக்கு இதை யார் பார்ப்பார் என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காமல் எதையும் தெரிவு செய்ய முடியாது என்பதுதான். அதையே கேட்டேன். டொக்டர் ஒளிக்காமல் சொன்னார்: "முதல் இரவு எச்டியுவில் (நெருக்கமாகக் கவனிக்கும் பிரிவு) கட்டில் இருக்கு. ரெண்டாம் இரவு சொல்லேலாது, வார்டில இத்தனை கட்டிலுக்கு ரெண்டு மிஸ்தான். எபிடியூரல் ஆளை நான் வார்டுக்கு அனுப்ப மாட்டேன்." அதோடு எங்கள் வாட்ஸ்அப் சண்டை முடிந்தது. தசை உறைக் குழாய் இரண்டு, ஃபென்டனில் பட்டன், நேரத்துக்குப் பனடோல். எச்டியுவில் மூன்று நாள் நிச்சயம் என்று சொல்லியிருந்தால், அதுவும் அம்மா சிகரெட் குடித்து நெஞ்சு பழுதான ஆளாக இருந்திருந்தால், நானே அக்கா பக்கம் சாய்ந்திருப்பேன்.

முதல் நாள் காலை மிஸ் வந்து நோவு பத்துக்கு எவ்வளவு என்று கேட்டதற்கு அம்மா "ரெண்டு" என்றார். இருமச் சொல்லிக் கேட்டபோது ஏழு. படுத்திருக்கும் எண் பொய், இருமும் எண்தான் நிஜம், அதைத்தான் சொல்ல வேண்டும் என்று அம்மாவுக்குப் படிப்பித்தேன். இரவில் தமிழ் தெரிந்த மிஸ் இருக்க மாட்டார் என்று "ரிதெனவா" (நோகுது) என்ற ஒரு சிங்களச் சொல்லையும் சொல்லிக் கொடுத்தேன். பட்டனை அமத்த வெட்கப்பட்டவர், கதிரைக்கு இறங்குவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் அமத்தினால் போதும் என்று சொன்னதும் விளங்கிக்கொண்டார். இரண்டாம் நாள் தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு இருமி, சளியைத் துப்பிவிட்டு, "இனி பிளேன்டீ தருவினமோ" என்று கேட்டார்.

நான் தவறவிட்டது மூன்றாம் நாளை. காலை குழாயையும் பம்பையும் ஒன்றாகக் கழற்றினார்கள், குளிசை பின்னேர மருந்துச் சுற்றில்தான் வந்தது. நடுவில் நாலு மணித்தியாலம் அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். கழற்றுவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னாலேயே முதல் குளிசையைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.