ஒடிசாவில் தொழில் தொடங்கும் சேவை: ஒரு மதிப்புரை

கோயம்புத்தூரில் வார்ப்பாலைகளுக்குத் திட்ட அறிக்கை எழுதிக் கொடுப்பது என் தொழில். கல் உடைக்கும் கிரஷர் இயந்திரங்களுக்கு மாங்கனீசு எஃகு லைனர் (தேய்மானத்தைத் தாங்கும் உள் தகடு) வார்க்கும் வாடிக்கையாளர் ஒருவர், தம் சரக்கில் பெரும்பகுதி ஒடிசாவின் சுரங்கங்களுக்கே லாரி ஏறுவதைப் பார்த்துவிட்டு, ஆலையையே அங்கே வைத்தால் என்ன என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடி இரண்டு ஆண்டுகளில் மூன்று முறை புவனேஸ்வரம், கலிங்கநகர், ஜோடா, பார்பில் என்று சுற்றி வந்தேன். முதலீட்டாளர்களைக் கூவி அழைக்கும் ஒரு மாநில அரசு ஒரு வகையில் கடைக்காரர்தான். நிலம், மின்சாரம், அனுமதி, சலுகை ஆகியவை அதன் சரக்குகள். அந்தக் கடையை, ஐம்பது கோடி ரூபாய்க்குள் முதலீடு செய்ய நினைக்கும் சிறு, நடுத்தரத் தொழில்முனைவோரின் கண்கொண்டு மதிப்பிடுவதே இக்கட்டுரை. எஃகுப் பேராலை நிறுவ இருப்பவர்களுக்கு இது உதவாது. அவர்களுக்குத் தனி வாசல் இருக்கிறது, அதையும் பின்னர் சொல்கிறேன்.

கடையின் முகப்பு பிரமாதமானது என்பதில் ஐயமில்லை. இந்தியாவின் குரோமைட் (குரோமியத் தாது) இருப்பில் 95 சதவீதத்துக்கும் மேல் ஒடிசாவில், அதுவும் பெரும்பாலும் ஜாஜ்பூர் மாவட்டத்தின் சுகிந்தா பள்ளத்தாக்கு என்ற ஒரே இடத்தில் கிடக்கிறது. அலுமினியத் தாதுவான பாக்சைட்டில் ஏறத்தாழப் பாதி, நிலக்கரியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு, ஹெமடைட் வகை இரும்புத் தாதுவில் மூன்றில் ஒரு பங்கு இங்கே உள்ளன. நாட்டின் ஆண்டு இரும்புத் தாது உற்பத்தியில் பாதிக்கு மேல் கியோன்ஜர், சுந்தர்கர் மாவட்டங்களை மையமாகக் கொண்ட இந்த ஒரே மாநிலம் தருகிறது. ஜாம்ஷெட்பூர் ஆலைக்கு முதலில் தாது கொடுத்ததும் இம்மாநிலத்தின் மயூர்பஞ்சில் உள்ள கோருமஹிசானி மலைதான். ரூர்கேலாவில் 1959இல் அரசு எஃகாலை உலை மூட்டியது. 1981இல் தொடங்கப்பட்ட அரசு அலுமினிய நிறுவனமான நால்கோ, கோராபுட்டின் பஞ்சபட்மாலி மலையில் பாக்சைட் வெட்டி, தாமன்ஜோடியில் அலுமினா ஆக்கி, அங்குலில் அலுமினியம் உருக்குகிறது. இன்று நாட்டின் அலுமினியத்தில் பாதிக்கு மேல் இம்மாநிலத்திலிருந்து வருகிறது. நம் ஊருக்கும் இதில் பங்குண்டு: தால்சேர் நிலக்கரி பாரதீப் துறைமுகத்தில் கப்பலேறித் தமிழக அனல்மின் நிலையங்களுக்கு வருகிறது, நெய்வேலி நிறுவனமே சம்பல்பூர் பக்கம் தாலபிராவில் சுரங்கம் தோண்டுகிறது.

இத்தனையையும் விளக்கப் படக்காட்சியில் பார்த்துவிட்டு என் வாடிக்கையாளர் முதலில் கேட்ட கேள்வி, “அப்போ அங்கே சரக்கு சல்லிசா கிடைக்கும், இல்லீங்களா?” என்பது. கிடைக்காது. இதை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் ஒடிசா செல்லும் பத்தில் எட்டுப் பேர் இந்தக் கணக்கில்தான் இடறுகிறார்கள் என்பது நான் கண்டது. 2015ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின் சுரங்கக் குத்தகை ஏலத்தில்தான் கிடைக்கும். இரும்புத் தாதுவுக்கு, இந்தியச் சுரங்கப் பணியகம் மாதந்தோறும் வெளியிடும் சராசரி விற்பனை விலையில் 15 சதவீதம் ராயல்டி, அதாவது வெட்டியெடுக்கும் தாதுவுக்காக அரசுக்குச் செலுத்தும் தொகை. அந்த ராயல்டியின் மேல் மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குப் பழைய குத்தகையானால் 30 சதவீதமும் ஏலக் குத்தகையானால் 10 சதவீதமும் செலுத்த வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேல் ஏலத்தில் ஒப்புக்கொண்ட பிரீமியம். 2020 மார்ச்சில் பழைய குத்தகைகள் பல காலாவதியாகி ஏலத்துக்கு வந்தபோது, சில சுரங்கங்களுக்கு அந்தப் பிரீமியம் சராசரி விலையின் 100 சதவீதத்தையும் தாண்டியது. கேட்கிறவருக்கு இது கணக்குப் பிழை போலத் தோன்றும்; சொந்த உலை ஒரு நாளும் தாதுக்குக் காத்திருக்கக் கூடாது என்ற அச்சத்துக்குப் பெரிய ஆலைகள் கொடுத்த விலை அது.

ஆகவே மலையில் இருக்கும் செல்வம் மாநிலக் கருவூலத்துக்குப் போகிறது. மலையடிவாரத்தில் ஆலை வைத்தவருக்கு விலைக் குறைவாக இறங்குவதில்லை. இது குறையா என்றால், குடிமக்கள் பார்வையில் நிறை என்றே சொல்வேன். நிதி ஆயோக் 2025 ஜனவரியில் வெளியிட்ட நிதிநலக் குறியீட்டில் ஒடிசா முதலிடம் பெற்றதற்குக் கனிம வருவாய் முக்கியக் காரணம். முதலீட்டாளருக்கு மட்டும் இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, 2024 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், ராயல்டி வரி ஆகாது என்றும் கனிம நிலங்களின் மீது வரி விதிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்றும் தீர்ப்பளித்தது. 2005 ஏப்ரல் முதலான நிலுவையையும் வசூலிக்கலாம், 2026 ஏப்ரலில் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுத் தவணைகளில் என்று ஆகஸ்டு 14இல் தெளிவுபடுத்தியது. ஒடிசாவிடம் இதற்கென 2004ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. சுரங்கம் வைத்திருப்பவரின் செலவு ஏறினால் அவரிடம் வாங்குபவரின் செலவும் ஏறும். இரண்டு, தில்லியின் ஒரு கையெழுத்து: 2022 மே மாதத்தில் மத்திய அரசு இரும்புத் தாதுக்கு 50 சதவீதமும் பெல்லட்டுகளுக்கு (தாதுத் தூளை உருட்டிச் சுட்ட உருண்டைகள்) 45 சதவீதமும் ஏற்றுமதி வரி போட்டு, நவம்பரில் திரும்பப் பெற்றது. இடைப்பட்ட ஆறு மாதத்தை, ஏற்றுமதியை நம்பிப் பெல்லட் ஆலை வைத்தவர்கள் இன்னும் மறக்கவில்லை.

இனிச் சேவைக்கு வருகிறேன். ஒடிசாவின் ஒற்றைச் சாளர முறை 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மூன்று அடுக்காக அமைந்தது. ஐம்பது கோடி ரூபாய் வரையிலான திட்டங்களை மாவட்ட அளவிலான குழுவும், அதற்கு மேல் ஆயிரம் கோடி வரை தலைமைச் செயலர் தலைமையிலான மாநிலக் குழுவும், ஆயிரம் கோடியைத் தாண்டியவற்றை முதலமைச்சர் தலைமையிலான உயர்நிலைக் குழுவும் முடிவு செய்கின்றன. விண்ணப்பங்கள் கோ-ஸ்விஃப்ட் என்ற இணையதளத்தின் வழியாக ஒரே பொதுப் படிவத்தில் செல்கின்றன; மாநில அரசின் இபிகோல் நிறுவனம் ஒருங்கிணைப்பாளர். தொழிற்பேட்டை நிலங்களை வரைபடத்தில் பார்க்கும் வசதி உண்மையிலேயே நன்றாக உள்ளது. எந்த மனை காலி, அதற்குச் சாலை எவ்வளவு தூரம், தண்ணீர் எங்கிருந்து என்பதைக் கோவையில் உட்கார்ந்தபடியே பார்த்து, ஏழு இடங்களை இரண்டாகக் குறைத்துக்கொண்டுதான் முதல் பயணத்துக்கே கிளம்பினேன். இந்த வசதி ஒன்றுக்காகவே தாராளமாக மதிப்பெண் தரலாம்.

ஆனால் சாளரம் ஒன்றானாலும் அதன் பின்னால் அமர்ந்திருப்பவர்கள் பலர். ஆயிரம் கோடிக்கு மேல் கொண்டுவருபவருக்குக் கோப்பு தானே நடந்து வருகிறது. அமைச்சரவை அறையில் தேநீருடன் முடிவாகிறது. நம்மைப் போன்ற இருபது கோடிக்காரர் மாவட்ட அடுக்கில் நிற்கிறார். அங்கே குழுவின் ஒப்புதல் நான் எதிர்பார்த்ததைவிட விரைவாகவே வந்தது. அதற்குப் பிறகு ஒரு துறையில், பெயர் வேண்டாம், இணையத்தில் ஏற்றிய அதே வரைபடத்தைத் தாளில் மூன்று படிகள் கேட்டார்கள், கொடுத்தபின் அளவுகோல் மாறியிருக்கிறது என்று மீண்டும் கேட்டார்கள். கோபப்பட ஒன்றுமில்லை, நம் ஊரிலும் காண்பதுதான். ஒடிசாவுக்குச் செல்பவர்கள் இணையதளத்தை நம்பி ஆள் வைக்காமல் இருந்துவிட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். ஒடியா பேசத் தெரிந்த, அந்த மாவட்டத்தையே சேர்ந்த ஒருவரை முதல் நாளிலிருந்து சம்பளத்துக்கு வைப்பது எந்தச் சலுகையையும்விட அதிகம் மிச்சப்படுத்தும்.

நிலம் வாங்குவதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். சுந்தர்கர், மயூர்பஞ்ச் மாவட்டங்கள் முழுமையும், கியோன்ஜரில் பார்பில் உள்ளிட்ட பகுதிகளும் அரசியல் சட்டத்தில் பழங்குடிப் பகுதிகளுக்கான ஐந்தாவது அட்டவணையின் கீழ் வருகின்றன. அங்கே பழங்குடியினரின் நிலத்தைப் பிறர் வாங்குவதை 1956ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை தடுக்கிறது. ஜோடாவில் ஒரு தரகர், “பத்திரம் பழங்குடி ஆள் பேரில் இருக்கட்டும், அனுபவம் உங்களுடையது” என்று தேனொழுகச் சொன்னார். அப்படிச் செய்வது சட்டப்படி குற்றம். அறப்படி அதைவிடப் பெரிய குற்றம். அரசு நிறுவனமான இட்கோவின் தொழிற்பேட்டை மனையைத் தவிர வேறு எதையும் என் வாடிக்கையாளருக்குப் பரிந்துரைக்க நான் மறுத்துவிட்டேன். அந்தப் பேட்டைகளுக்கும் வரலாறு உண்டு. 2006 ஜனவரி 2 அன்று கலிங்கநகரில் எஃகாலைக்கான சுற்றுச்சுவரை எதிர்த்துத் திரண்ட பழங்குடி மக்களில் பத்துக்கும் மேற்பட்டோர் காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் இறந்தார்கள். ராயகடா, களாஹண்டி எல்லையில் நியம்கிரி மலையின் பாக்சைட்டை எடுக்கலாமா என்பதைக் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, பன்னிரண்டு கிராம சபைகளும் ஒருமித்து மறுத்தன. அடிவாரத்தில், லாஞ்சிகரில், கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய அலுமினா ஆலை வெளியிலிருந்து தாது வாங்க வேண்டியதாயிற்று. மக்களின் சம்மதம் திட்ட அறிக்கையின் இணைப்பில் ஒரு பக்கமாக வரக் கூடியதன்று.

போஸ்கோவின் கதையும் இங்கே பொருந்தும். 2005 ஜூனில் தென்கொரிய நிறுவனம் 52,000 கோடி ரூபாயில், ஆண்டுக்கு 1.2 கோடி டன் எஃகு உற்பத்தி செய்ய ஜகத்சிங்பூரில் ஆலை அமைப்பதாக ஒப்பந்தமிட்டது. திங்கியா சுற்றுவட்டாரத்தில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர்கள் நிலம் தர மறுத்துப் போராடினார்கள்; தாமதம் நீண்டது; 2015இல் ஏலச் சட்டம் வந்ததும், நேரடியாகச் சுரங்கம் ஒதுக்கப்படும் என்ற நம்பிக்கையே அடிபட்டுப் போனது; 2017இல் நிறுவனம் விலகிக்கொண்டது. 2025 ஜனவரியில் புவனேஸ்வரத்தில் நடந்த உத்கர்ஷ் ஒடிசா மாநாட்டில் 16 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் முதலீட்டு முன்மொழிவுகள் வந்ததாக அறிவிக்கப்பட்டதைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவை அந்தக் கொடிக்கால்கள்தான்.

குறைகளையே அடுக்குகிறேன் என்று தோன்றலாம். மின்சாரத்தைப் பொறுத்தவரை ஒடிசாவுக்கு என் முழு மனதான பாராட்டு உண்டு. 1996இலேயே மின்வாரியத்தைப் பிரித்துச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய முதல் மாநிலம் இது. அந்த முதல் முயற்சி தடுமாறினாலும், 2020 முதல் நான்கு விநியோக நிறுவனங்களும் டாடா பவர் வசம் போனபின் நான் விசாரித்த உலைக்காரர்கள் மின்தடையைப் பற்றிக் குறைகூறவில்லை. உயரழுத்தக் கட்டணம், 60 சதவீதச் சுமைக் காரணியை (உச்சத் தேவையோடு ஒப்பிட்ட சராசரிப் பயன்பாடு) தாண்டிய பயன்பாட்டுக்கு விலை குறையும்படி அமைந்திருக்கிறது. இண்டக்‌ஷன் உலையை இரண்டு ஷிப்டு ஓட்டுகிறவருக்கு இதன் பொருள் புரியும். துறைமுகமும் அப்படியே: பாரதீப் 2023-24இல் 14.5 கோடி டன் சரக்கைக் கையாண்டு நாட்டின் பெருந்துறைமுகங்களில் முதலிடத்துக்கு வந்தது. புயல் ஆபத்து உண்டு என்றாலும், 1999 பெரும்புயலுக்குப் பின் அந்த மாநிலம் பேரிடர் மேலாண்மையில் அடைந்த தேர்ச்சி ஊரறிந்தது.

ஆட்களைப் பற்றி ஒரு வேடிக்கை. கோவை வார்ப்பாலைகளில் உருகிய இரும்பைக் கரண்டியில் ஏந்தி ஊற்றுகிறவர்களில் ஒடிசாக்காரர்கள் பலர். ஜாஜ்பூரில் ஒரு சிற்றாலை முதலாளியோ, பழகிய மோல்டர் (வார்ப்பச்சு செய்பவர்) கிடைக்கவில்லை என்று என்னிடமே புலம்பினார். வாடிக்கையாளரிடம் இதைச் சொன்னபோது அவர் தம் ஆலையில் பதினோரு ஆண்டுகளாக இருக்கும் பாலேஸ்வர் மாவட்டத்துக்காரரைக் கூப்பிட்டு, “ஊருக்கே போய் சூப்பர்வைசரா இருக்கீங்களா?” என்று கேட்டார். அவர் சிரித்தார், மறுநாள் சம்மதம் சொன்னார். எங்கள் திட்டத்தின் மிக உறுதியான முதலீடு அதுவாகத்தான் இருக்கும்.

அப்படியானால் சிறு முதலீட்டாளர் எதை வாங்கலாம்? தாதுவின் பக்கம் போகாமல், தாது ஏற்கெனவே உலோகமாக மாறி வெளிவரும் இடத்துக்குப் பின்னால் நிற்பதே புத்திசாலித்தனம். அங்குலில் நால்கோவும் இட்கோவும் இணைந்து தொடங்கிய அலுமினியப் பூங்கா, உருக்கிய உலோகத்தை அப்படியே வாங்கி வார்க்கலாம் என்ற நல்ல எண்ணத்தில் பிறந்தது. ஆண்டுகள் பல கடந்தும் எதிர்பார்த்த கூட்டம் சேரவில்லை என்பது வருத்தமே. கலிங்கநகரில் டாடா எஃகாலையின் கொள்ளளவு 30 லட்சம் டன்னிலிருந்து 80 லட்சம் டன்னாக விரிந்திருக்கிறது; பக்கத்திலேயே துருப்பிடிக்காத எஃகு ஆலையும், சுகிந்தா குரோமைட்டை நம்பிய ஃபெர்ரோகுரோம் (எஃகில் சேர்க்கும் இரும்பு-குரோமியக் கலவை) உலைகளும் இருக்கின்றன. எங்கள் லைனருக்கு வேண்டிய ஃபெர்ரோமாங்கனீசும் ஃபெர்ரோகுரோமும் அரைநாள் லாரி தூரத்தில். வாங்கும் சுரங்கங்களும் அதே தூரத்தில். சரக்கு விலை கோவையோடு ஒப்பிடப் பெரிதாகக் குறையாவிட்டாலும், இரு பக்கமும் லாரி வாடகை குறைகிறது, தேய்ந்த லைனரைத் திரும்ப எடுத்து உருக்கவும் முடிகிறது. எங்கள் கணக்கில் இலாபம் முழுவதும் இந்த வாடகையில்தான் இருக்கிறது.

சுகிந்தா பக்கம் மனை பார்ப்பவர்கள் தண்ணீரைச் சோதிக்காமல் கையெழுத்திட வேண்டாம். குரோமைட் சுரங்கங்களிலிருந்து ஆறு இணைதிற குரோமியம் நீரில் கலந்ததால், 2007இல் வெளியான உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் அந்தப் பள்ளத்தாக்கு இடம்பெற்றது. தொழிலாளர் குடியிருப்புக்குத் தனிக் குடிநீர் ஏற்பாட்டை நாங்கள் திட்டச் செலவிலேயே சேர்த்துவிட்டோம்.

இறுதியாக, பயணக் காலம். மாநாட்டுக்கு அழைப்பவர்கள் குளிர்காலத்தில் அழைப்பார்கள், சாலை பளபளவென்றிருக்கும். நான் ஆகஸ்டில் போகச் சொல்வேன். மழையில் சுரங்க உற்பத்தி மந்தமாகும், செம்மண் சேறு சாலையில் முழங்கால் அளவு நிற்கும், ஜோடாவிலிருந்து வரும் தாது லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் வரிசைகட்டும். அந்த வரிசையில் ஒரு பிற்பகல் நின்று, ஓட்டுநரிடம் எத்தனை நாளாக நிற்கிறீர்கள் என்று கேட்டு, அந்த எண்ணை உங்கள் நடைமுறை மூலதனக் கணக்கில் போட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கிடைத்த விடை மூன்று நாள். கலிங்கநகரில் மனைக்குப் பணம் கட்டியது அதற்கு அடுத்த வாரம்.