அப்பாவோட டயாலிசிஸ் போதுமான்னு அளந்து சொன்ன யூனிட் பத்தி

அப்பா சிஏபிடில இருக்காரு, வயித்துக்குள்ள தண்ணி விட்டு எடுக்குற டயாலிசிஸ். ஒரு நாளைக்கு நாலு தடவ ரெண்டு லிட்டர் பேக் மாத்துறோம். கழிவு போதுமான அளவு வெளிய வருதான்னு பாக்குற அடெக்வசி டெஸ்ட்ட ரெண்டு இடத்துல எடுத்தாச்சு, ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், அதான் எழுதுறேன்.

மொதல்ல போன லேப்ல ஒரு டப்பாவ குடுத்து, வடிஞ்ச தண்ணில கொஞ்சம் புடிச்சுட்டு வாங்க, மொத்தம் எவ்ளோன்னு எழுதிட்டு வாங்கன்னு சொன்னதோட சரி. ராத்திரி பூரா வயித்துல இருந்து காலைல வர்ற பேக்க நாங்க வழக்கம்போல டாய்லெட்ல ஊத்திட்டோம், அதுவும் கணக்குல சேரணும்னு யாருமே சொல்லல. யூரின கேக்கவே இல்ல. ரிசல்ட் 1.12. இதுக்கு பேரு கேடி பை வி, ஒரு வாரத்துல கழிவு நீங்குன தண்ணிய உடம்புல உள்ள மொத்த தண்ணியால வகுத்தா வர்ற நம்பர். அது குறைஞ்சது 1.7 வேணும்னு தெரியும், அன்னிக்கு ராத்திரி வீட்ல யாருக்கும் தூக்கம் இல்ல. அப்பா ஒண்ணுமே பேசாம உக்காந்திருந்தாரு, அத நெனச்சா இப்பவும் வயித்த பிசையுது.

அப்பறம்தான் இந்த பிடி யூனிட்டுக்கு, அதாவது வயித்து வழி டயாலிசிஸ மட்டும் பாக்குற பிரிவுக்கு போனோம். நர்ஸம்மா மொத கேள்வியே "எத்தன பேக் கொண்டு போனீங்க, யூரின் எவ்ளோ போறாரு?"ன்னுதான். பதில கேட்டதுமே "அப்ப அந்த நம்பர விடுங்க, திரும்ப எடுப்போம்"னாங்க.

எப்படி சேகரிக்கணும்னு அரை மணி நேரம் உக்காந்து சொல்லிக் குடுத்தாங்க. 24 மணி நேரத்துல வடியிற எல்லா பேக்கும் வேணும். யூரின்ல காலைல மொத தடவ போறத விட்டுட்டு, அதுல இருந்து மறுநாள் காலைல மொத தடவ போறது வரைக்கும் எல்லாத்தையும் கேன்ல புடிக்கணும். நாங்க கொண்டு போன ஒவ்வொரு பேக்கையும் தராசுல வச்சாங்க, காலி பேக் எடைய கழிச்சாங்க, உள்ள விடுறதுக்கு முன்னாடி ட்யூப்ப கழுவ ஓடுற தண்ணியும் அதே வடியிற பேக்லதான் போய் சேருது, அதையும் கழிச்சாங்க. இல்லன்னா இல்லாத தண்ணிக்கும் மார்க் போட்ட மாதிரி ஆயிடுமாம். எல்லாத்தையும் ஒண்ணா கலக்கி அதுல இருந்து சாம்பிள், கூடவே ரத்தம்.

கணக்கையும் பேப்பர்ல போட்டே காட்டுனாங்க, இதுக்காகவே கையெடுத்து கும்பிடணும். மொத்தம் வடிஞ்சது 9 லிட்டர். அந்த தண்ணில உள்ள யூரியாங்குற கழிவு ரத்தத்துல உள்ளதுல 0.86 பங்கு. ரெண்டையும் பெருக்கி ஏழு நாளால பெருக்குனா கிட்டத்தட்ட 54 லிட்டர். அப்பா உடம்புல உள்ள மொத்த தண்ணி, உயரம் எடை வயசு வச்சு போட்டா, 36 லிட்டர். வகுத்தா 1.51. யூரின் 500 மில்லி, அதுல இருந்து 0.29. மொத்தம் 1.80! அந்த லேப் விட்டது ஒரு பேக்கும் அரை லிட்டர் யூரினும்தான், அதுக்கு நாங்க பட்ட பாடு.

பெட் டெஸ்ட்டும் இங்கதான் எடுத்தோம். 2.5 சதவீத சர்க்கரை உள்ள பேக்க விட்டு நாலு மணி நேரம் வச்சு, நடுநடுவுல சாம்பிள் எடுத்து வயித்து சவ்வு எவ்ளோ வேகமா கழிவ கடத்துதுன்னு பாக்குறது. கிரியேட்டினின்ங்குற கழிவு ரத்தத்துல உள்ளதுல எத்தன பங்கு அந்த தண்ணிக்கு வந்துச்சுங்குற விகிதம் 0.58, அதாவது சராசரிக்கு கொஞ்சம் மெதுவு. சொந்தக்காரங்க சிலர் ராத்திரி மெஷின்ல வேக வேகமா மாத்துனா நல்லா சுத்தமாகும்னு சொல்லிட்டே இருந்தாங்க, மெதுவான சவ்வுக்கு தண்ணி உள்ள ரொம்ப நேரம் தங்குனாதான் பலன்னு இந்த டெஸ்ட் தெளிவா சொல்லிடுச்சு. வயித்துல இன்ஃபெக்ஷன் வந்திருந்தா ஒரு மாசமாவது கழிச்சுதான் இத எடுக்கணும்.

டாக்டர் சொன்ன ஒண்ணு மனசுல நின்னுடுச்சு. 1997ல வந்த அமெரிக்க வழிகாட்டுதல்ல கேடி பை வி 2.0 வேணும்னு இருந்துச்சாம். 2002ல மெக்சிகோல 965 பேர வச்சு நடந்த அடெமெக்ஸ் ஆய்வுல, தண்ணிய கூட்டி கூட்டி விட்டும் ஆயுள் கூடல. அப்பறம்தான் 1.7க்கு எறக்குனாங்க. ஆனா மிச்சமிருக்குற யூரின் ஆயுளோட ரொம்ப சம்பந்தப்பட்டது, அத காப்பாத்துங்கன்னாரு. கண்ட வலி மாத்திரைய போடக்கூடாதுன்னு அப்பாவ பாத்து கண்டிச்சே சொன்னாரு, முட்டி வலிக்கு அவரு அததான் பண்ணிட்டு இருந்தாரு.

குறைன்னா, பெட் டெஸ்ட் அன்னிக்கு நாலு மணி நேரமும் சாதா பிளாஸ்டிக் சேர்தான், வயசானவங்களுக்கு முதுகு போயிடும், சாய்ஞ்சுக்க ஒரு கட்டில் போடலாம். ரிப்போர்ட் பூரா சுருக்கெழுத்து, நர்ஸம்மா இல்லாத நாள்ல போனா ஒண்ணும் வெளங்காது.

நாலு மாசம் கழிச்சு திரும்ப எடுத்தோம். யூரின் 300க்கு எறங்கிடுச்சு, மொத்தம் 1.68. நான் பதறிட்டேன். டாக்டர் நம்பர அப்பறம் பாக்கலாம்னுட்டு அப்பாகிட்ட நல்லா சாப்புடுறீங்களா, வாந்தி உண்டா, தூக்கம் எப்படி, கால்ல வீக்கம் இருக்கான்னு ஒவ்வொண்ணா கேட்டாரு, கால அமுக்கி பாத்தாரு. எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ராத்திரி பேக்க மட்டும் ரெண்டரை லிட்டரா மாத்துனாரு. யூரின ரெண்டு மாசத்துல கொண்டு வாங்கன்னு சொல்லியிருக்காரு, கேன் கழுவி ரெடியா இருக்கு.