சிறார் வயதுக் குற்றமும் துப்பாக்கி உரிமையும்: வயது வரம்பா, நீதிமன்ற மனுவா?

பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் துப்பாக்கி போலத் தோன்றும் பொருளைக் காட்டி வழிப்பறி செய்கிறான் என்று வைத்துக்கொள்வோம். சிறார் நீதிமன்றம் அவன் அக்குற்றத்தைச் செய்ததாகத் தீர்ப்பளிக்கிறது; அதன்பின் அவன் எந்த வம்புக்கும் போகாமல் வளர்ந்து, வேலையில் அமர்ந்து, குடும்பம் நடத்துகிறான். இது கலிபோர்னியாவில் நடந்திருந்தால், துப்பாக்கி வைத்திருப்பதற்கான மாநிலத் தடை அவனுக்கு 30 வயதாகும்போது தானாகவே முடிந்துவிடும். வாஷிங்டன் மாநிலத்தில் நடந்திருந்தால், அது மிகக் கடுமையான ‘ஏ’ வகுப்பைச் சேர்ந்த கடுங்குற்றமான முதல் நிலை வழிப்பறி என்பதால், உரிமையை மீட்கக் கோரி மனுச் செய்யும் தகுதியே அவனுக்கு இருக்காது.

அமெரிக்காவில் இந்த வேறுபாட்டுக்கு இடமளிப்பது கூட்டாட்சிச் சட்டத்தின் அமைப்பு. ஓராண்டுக்கு மேல் சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று கூறும் அச்சட்டம், எது தண்டனைத் தீர்ப்பாகும் என்பதைத் தீர்ப்பு வழங்கப்பட்ட மாநிலத்தின் சட்டத்துக்கே விட்டுவிடுகிறது. சிறார் நீதிமன்றத் தீர்ப்பு பொதுவாக அந்த வரையறைக்குள் வராது. ஆகவே தடை எவ்வளவு காலம், அது எவ்வாறு நீங்கும் என்பவை பெரும்பாலும் மாநிலத்தின் கையில் இருக்கின்றன. வயது வந்தோர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டுத் தண்டிக்கப்பட்ட சிறுவர்களின் நிலை இதைவிடக் கடினமானது. அது இந்த ஒப்பீட்டில் அடங்காது.

முதல் வழி வயது வரம்பு. வயது வந்தவர் செய்தால் கடுங்குற்றமாகும் செயலுக்காகச் சிறார் நீதிமன்றத்தின் தீர்ப்பைப் பெற்றவருக்கு புளோரிடா 24 வயது வரை தடை விதிக்கிறது; கலிபோர்னியா குறிப்பிட்ட சில குற்றங்களுக்கு 30 வயதை எல்லையாக வைக்கிறது. இந்த வழியின் பெரிய நன்மை, வழக்கறிஞர் கட்டணம், நீதிமன்ற அலைச்சல், எந்தப் படிவம் எங்கே கிடைக்கும் என்ற அறிவு ஆகிய எதுவும் தேவைப்படாதது. இளமையில் செய்த தவறு முதிர்ச்சியால் மாறக்கூடியது என்ற சிறார் நீதியின் அடிப்படைக் கருத்துக்கும் இதுவே நெருக்கமானது. ஆனால் பிறந்தநாள் எவரையும் விசாரிப்பதில்லை. திருந்தியவரும் திருந்தாவிட்டாலும் பிடிபடாதவரும் ஒரே நாளில் ஒரே உரிமையைப் பெறுகிறார்கள்.

இரண்டாவது வழி நீதிமன்ற மனு. விஸ்கான்சினில் மனுதாரர் தாம் பொதுமக்களின் பாதுகாப்புக்கு ஆபத்தாக நடந்துகொள்ள வாய்ப்பில்லை என்று நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு அவருடையதே. வாஷிங்டனில், ‘ஏ’ வகுப்பிலோ பாலியல் குற்றங்களிலோ சேராத கடுங்குற்றமாக இருந்தால், புதிய தண்டனை எதுவுமின்றிச் சமூகத்தில் ஐந்து ஆண்டுகள் கழித்திருக்க வேண்டும் என்பது முக்கிய நிபந்தனை. ஒருவரை நேரில் பார்த்து முடிவெடுக்கும் வாய்ப்பு விஸ்கான்சின் முறையில் உண்மையாகவே இருக்கிறது. வாஷிங்டனிலோ, சட்டம் சொல்லும் நிபந்தனைகள் நிறைவேறினால் நீதிபதி உரிமையை மீட்டுத்தர வேண்டும் என்றே மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் நெடுங்காலம் பொருள்கொண்டன. அப்படியானால் அது மனு என்ற பெயரில் உள்ள காலக்கெடுதான். செலவு மட்டும் கூடுதல்.

வாஷிங்டனில் பலர் இடறி விழும் இடம் வேறொன்று. சிறார் பதிவு முத்திரையிடப்பட்டுவிட்டால், அதாவது பொதுப் பார்வையிலிருந்து மூடப்பட்டுவிட்டால், எல்லாம் முடிந்துவிட்டது என்று நம்புகிறார்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்த நம்பிக்கை பெருமளவு சரியானது, துப்பாக்கிக்குச் சரியல்ல. முத்திரையிடப்பட்ட ‘ஏ’ வகுப்புச் சிறார் தீர்ப்பும் துப்பாக்கித் தடைக்குக் கணக்கில் வரும் என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. கலிபோர்னியாவிலும், துப்பாக்கி வைத்திருக்கும் தகுதியைச் சரிபார்க்க மாநில நீதித்துறை முத்திரையிட்ட பதிவுகளைப் பார்க்கச் சட்டம் இடம் தருகிறது.

என் முடிவுக்கு அடிப்படையான ஓர் உண்மை உண்டு. சிறார் விசாரணையில் ஜூரி (குற்றம் நிரூபணமானதா என்று முடிவுசெய்யும் பொதுமக்கள் குழு) பெறுவது அரசியலமைப்பு உரிமை அல்ல என்று 1971இல் மெக்கீவர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது. மறுவாழ்வுக்கான விசாரணை என்பதால் ஜூரி வேண்டாம் என்றால், அதே விசாரணையின் விளைவு வாழ்நாள் தடையாக இருப்பது நியாயமாகாது. எனவே பெரும்பாலான குற்றங்களுக்கு வயது வரம்பே சரியான பொது விதி என்று உறுதியாக நினைக்கிறேன். கொலை, பாலியல் வன்முறை போன்றவற்றுக்கு மட்டும் நீதிபதியின் நேரடி விசாரணை வேண்டும். அங்கே கதவு நிரந்தரமாக அடைக்கப்படவும் கூடாது.

வர்ஜீனியா இதற்கு மிக அருகில் நிற்கிறது. குற்றம் நடந்தபோது 14 வயது நிறைந்திருந்தால், பொதுவான கடுங்குற்றங்களுக்கு 29 வயதை எட்டும் வரை தடை. கொலை, ஆள்கடத்தல், துப்பாக்கி காட்டிய கொள்ளை, வன்புணர்வு ஆகியவற்றுக்குக் கால எல்லை இல்லை, ஆனால் வட்டார நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். துப்பாக்கி காட்டிய கொள்ளையை இரண்டாவது பட்டியலில் சேர்த்தது விவாதத்துக்குரியது, அமைப்பு சரியானது.

மாநிலம் மாறுபவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். வாஷிங்டன் சட்டம் பிற இடங்களில் பெற்ற தீர்ப்புகளையும் கணக்கில் எடுக்கிறது. கலிபோர்னியாவில் 30 வயதைக் கடந்தவர் வாஷிங்டன் மாநிலத்தின் சியாட்டிலில் துப்பாக்கிக் கடைக்குள் நுழையும் முன், தம் பழைய தீர்ப்பின் நகலுடன் வாஷிங்டன் வழக்கறிஞர் ஒருவரைக் கலந்துகொள்வது அவசியம்.