நேராகப் போடுவதா, சுருக்கிவிட்டுப் போடுவதா, ஹார்னரா? கோவையின் மதிப்பு காணும் வழிகள்

3x² − 5x + 2 என்ற கோவையில் x = −2 எனப் பிரதியிட்டால் மதிப்பு 24. இதே கணக்கை ஒரு வகுப்பில் கொடுத்தால் 0, 7, 48 என்ற விடைகளும் கூடவே வந்து சேரும். இவற்றை வெறும் கவனக்குறைவு என்று ஒதுக்க முடியாது. 0 எழுதியவர் அடைப்பில்லாமல் −2² என்று எழுதி, அதை −4 ஆக்கிவிட்டார். 7 எழுதியவர் −5x-இல் x இருந்த இடத்தில் −2-ஐ அப்படியே ஒட்டினார். பெருக்கல் மறைந்து −5 − 2 என்று கழித்தலாகிவிட்டது. 48 எழுதியவர் 3-ஐ முதலில் பெருக்கி, (−6)² என வர்க்கப்படுத்தினார். மூன்றிலும் ஆபத்தானது 0 தான். பூச்சியம் வந்ததும் −2 ஒரு மூலம் (கோவையைப் பூச்சியமாக்கும் எண்) என்று நம்பி அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள்.

எந்த வழி வேகமானது என்று பார்ப்பதைவிட, எந்த வழியில் எந்தத் தவறு நுழையும் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது.

முதலில் நேரடிப் பிரதியீடு. இதற்கு ஒரே விதிதான்: எண்ணைப் போடும் முன் அடைப்பைப் போடுங்கள். x இருக்கும் இடமெல்லாம் ( ) என்று காலியாக எழுதிக்கொள்ள வேண்டும்.

3( )² − 5( ) + 2
3(−2)² − 5(−2) + 2
3 × 4 + 10 + 2 = 24

அடைப்பு இருந்தால் 0-வும் 7-ம் வர வழியே இல்லை. 48-ஐ மட்டும் அடைப்பு தடுக்காது. அடுக்கு தனக்கு ஒட்டியிருப்பதற்கு மட்டுமே உரியது, முன்னால் நிற்கும் கெழுவுக்கு அல்ல என்பது தெரிந்திருக்க வேண்டும். மிகை எண்களுக்கு அடைப்பு தேவையில்லை என்று விட்டுவிடுபவர்கள், குறை எண் வரும் நாளில் மறந்துபோவார்கள். எல்லா எண்ணுக்கும் போட்டுப் பழகுவதே மேல்.

அடுத்து, சுருக்கிவிட்டுப் பிரதியிடுவது. ஒத்த உறுப்புகள் சிதறிக் கிடக்கும் கோவைக்கு இதை விட்டால் வேறு நல்ல வழி இல்லை. 4(2a − 3b) − 3(a − 5b) + 2b என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். விரித்துச் சேர்த்தால் 5a + 5b, அதாவது 5(a + b). a = 3.7, b = 6.3 என்றால் 5 × 10 = 50, மனக்கணக்கிலேயே முடிந்தது. நேராகப் போட்டால் 4 × (−11.5) − 3 × (−27.8) + 12.6 என்று தசமங்களோடு மல்லுக்கட்ட வேண்டும். விடை அதே 50 தான்.

ஆனால் இந்த வழியில் தவறு நுழைந்தால் முழுக் கணக்கும் போய்விடும். −3(a − 5b)-ஐ −3a − 15b என்று விரித்தவருக்கு 5a − 25b கிடைக்கும். அதில் எந்த மதிப்பைப் போட்டாலும், b = 0 என்ற ஒரு நிலையைத் தவிர, விடை தவறுதான். ஆகவே சுருக்கியதும் சோதித்துப் பார்க்க வேண்டும். a = 2, b = 3 போட்டால் மூலக் கோவை 4(−5) − 3(−13) + 6 = 25; சுருக்கிய கோவையும் 5 × 5 = 25. சோதனைக்கு 0-வையும் 1-ஐயும் எடுக்காதீர்கள். 0 உறுப்புகளையே காணாமல் செய்துவிடும். 1-க்கு x-உம் x³-உம் ஒன்றுதான் என்பதால் அடுக்கில் செய்த பிழை தெரியாது.

பின்னக் கோவைகளில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. (x² − 9) ÷ (x − 3) என்பதைச் சுருக்கினால் x + 3. x = 3 போட்டால் 6 என்று வரும். மூலக் கோவையிலோ பகுதி பூச்சியம், மதிப்பே இல்லை. சுருக்குவதற்கு முன் பகுதியில் மட்டும் எண்ணைப் போட்டுப் பார்ப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

சில சமயம் விரிப்பதைவிடக் காரணிப்படுத்துவதே சுருக்கம். a² − b²-இல் a = 87, b = 13 என்றால் 7569 − 169 என்று போவதா, 100 × 74 என்று போவதா? இரண்டும் 7400.

மூன்றாவது போட்டியாளர் ஹார்னர் முறை. 1819-இல் வில்லியம் ஜார்ஜ் ஹார்னர் எழுதியதால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. இத்தாலியின் பாவ்லோ ரஃபினி 1804-இலேயே இதைச் செய்திருந்தார். ஒன்பதாம் வகுப்பில் தொகுமுறை வகுத்தல் படித்தவர்களுக்கு இது புதிதல்ல; அதில் கடைசியில் நிற்கும் மீதிதான், மீதித் தேற்றத்தின்படி, கோவையின் மதிப்பு. வகுப்பதற்கு மட்டுமே அது என்று ஒதுக்கி வைத்திருப்பதுதான் வருத்தம்.

2x³ − 7x² + 4x − 9, x = 4. கெழுக்கள் 2, −7, 4, −9. முதல் கெழுவை x-இன் மதிப்பால் பெருக்கி அடுத்த கெழுவைக் கூட்ட வேண்டும்; வருவதை வைத்து அதையே கடைசிக் கெழு வரை தொடர வேண்டும்.

2
2 × 4 − 7 = 1
1 × 4 + 4 = 8
8 × 4 − 9 = 23

எங்கும் 64-உம் இல்லை, 128-உம் இல்லை. அடுக்கே எடுக்காததால் −2² குழப்பத்துக்கும் இடமில்லை. எல்லா உறுப்புகளும் உள்ள நான்காம் படிக் கோவையில் ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியாகப் பெருக்கிக் கண்டால் 10 பெருக்கல், முந்தைய அடுக்கிலிருந்தே அடுத்ததைக் கண்டால் 7, ஹார்னரில் 4.

பின்னங்களில்தான் இதன் அருமை தெரியும். முதலில் பார்த்த 3x² − 5x + 2-இல் x = 2/3 போடுங்கள். நேர்வழியில் 4/3 − 10/3 + 2 என்று பகுதியைச் சமப்படுத்த வேண்டும். ஹார்னரில்: 3; 3 × 2/3 − 5 = −3; −3 × 2/3 + 2 = 0. பின்னம் வந்த சுவடே இல்லை. (2/3-ஐ 0.67 என்று மாற்றிப் போட்டவருக்கு −0.0033 கிடைக்கும், உண்மையான மூலம் கைநழுவிப் போகும்.)

இதில் வழுக்கும் இடம் விடுபட்ட உறுப்பு. x⁴ − 3x² + 5-க்குக் கெழுக்கள் 1, 0, −3, 0, 5. x = −3 என்றால் 1, −3, 6, −18, 59 என்று போய் விடை 59. பூச்சியங்களை விட்டுவிட்டு 1, −3, 5 என்று மட்டும் எழுதினால் 23 வரும். அது x² − 3x + 5 என்ற வேறு கோவையின் மதிப்பு. இரண்டு மாறிகள் உள்ள கோவைக்கு இம்முறை வசதிப்படாது. x¹⁰ − 1 போல நடுவில் எல்லாமே காலியான கோவைக்கும் வீண்: x², x⁴, x⁵, x¹⁰ என்று நான்கு பெருக்கலில் முடிவதற்குப் பத்துப் படி எதற்கு?

இரண்டாம் படி, சின்ன முழு எண், ஒரே மதிப்பு என்றால் அடைப்போடு நேர்வழியே போதும். மூன்றாம் படிக்கு மேல் போனாலோ, அதே கோவைக்கு ஐந்தாறு மதிப்புகள் கண்டு வரைபடம் வரைய வேண்டியிருந்தாலோ ஹார்னருக்குத்தான் என் ஓட்டு.

கால்குலேட்டரும் எக்செல்லும் சரிபார்க்க நல்லவை, ஆனால் அவற்றுக்குள்ளும் கருத்து வேறுபாடு உண்டு. கடைகளில் இருக்கும் சாதாரணக் கால்குலேட்டரில் 2 + 3 × 4 என்று வரிசையாகத் தட்டினால் பெரும்பாலும் 20 காட்டும். சயின்டிஃபிக் கால்குலேட்டர் 14 காட்டும். எக்செல்லில் =-3^2 என்று தட்டினால் 9 வரும். பைத்தான் நிரல்மொழியில் -3**2 என்றால் −9. கணித வழக்கும் அதுவே. ஆனால் எக்செல்லில் =5-3^2 என்றால் −4 என்று சரியாகவே வரும், ஏனென்றால் அங்கே அந்த மைனஸ் கழித்தல் குறி; முன்னதில் அது எண்ணின் குறியாகி, அடுக்குக்கு முன்பே ஒட்டிக்கொள்கிறது. −x² என்று தொடங்கும் கோவையை எக்செல்லில் ஏற்றும்போது =-(3^2) என அடைப்பு போடாவிட்டால், சரியாகக் கையால் செய்த கணக்கைத்தான் தவறென்று அடிப்பீர்கள்.