நிறுவனக் கணக்கா, வீட்டுக் கணக்கா?

அமெரிக்காவில் மாதாமாதம் வேலைவாய்ப்பு கூடியதா, குறைந்ததா என்று சொல்ல இரண்டு கணக்கெடுப்புகள் உண்டு. எதைப் பார்ப்பது என்று பலரும் குழம்புகிறார்கள்.

அளவு: நிறுவனக் கணக்கெடுப்பு 1 லட்சத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் சம்பளப் பட்டியலைக் கேட்கிறது. வீட்டுக் கணக்கெடுப்பு சுமார் 60,000 வீடுகளைத்தான் கேட்கிறது. அதில் தெரியும் மாத ஏற்ற இறக்கம் வெறும் மாதிரிப் பிழையாகவும் (எல்லோரையும் கேட்காமல் சிலரை மட்டும் கேட்பதால் வரும் பிழை) இருக்கலாம்.

யார் சேர்த்தி: நிறுவனக் கணக்கில் சுயதொழில் செய்பவரும் விவசாயக் கூலிகளும் இல்லை, இரண்டு வேலை பார்ப்பவர் இரண்டு முறை எண்ணப்படுவார். வீட்டுக் கணக்கில் இவர்கள் எல்லோரும் உண்டு, ஆளுக்கு ஒரே எண்ணிக்கை.

திருத்தம்: நிறுவன எண் அடுத்த இரண்டு மாதங்களிலும் திருத்தப்படும், ஆண்டுக்கொரு முறை மறுபடியும். முதல் எண்ணை வைத்தே முடிவெடுப்பதுதான் பெரிய தவறு என்பேன்.

குறுகிய கால மாற்றத்துக்கு நிறுவனக் கணக்கு, அதுவும் மூன்று மாதச் சராசரியாக. வேலையின்மை விகிதத்துக்கும் சுயதொழிலுக்கும் வீட்டுக் கணக்கு.