கித்தோ பழைய நகரம்: நடைச் சுற்றுலா போகலாமா?

ஈக்வடார் தலைநகர் கித்தோவின் பழைய நகரம் 1978இலேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. வழிகாட்டியோடு நடந்து பார்த்தோம். லா கொம்பானியா தேவாலயத்துக்குள் சுவர், தூண், கூரை எங்கும் பொன் ரேக்கு. எனக்குக் கொஞ்சம் திகட்டிவிட்டது. பசிலிக்கா என்ற இன்னொரு பெரிய தேவாலயம்தான் பிடித்தது. வெளிச்சுவரில் வழக்கமான பூதங்களுக்குப் பதிலாக ஆமையும் இகுவானா என்ற பெரிய ஓணானும் கல்லில் எட்டிப் பார்க்கின்றன! கோபுரத்துக்குச் செங்குத்தான ஏணி. ஊரே 2,850 மீட்டர் உயரம், மூச்சு வாங்கும், நிதானமாக ஏறுங்கள்.

வழிகாட்டி விஷயம் தெரிந்தவர்தான். ஆனால் சந்தையில் சாப்பிட இருபதே நிமிடம் தந்தது அநியாயம். லோக்ரோ என்ற உருளைக்கிழங்கு சூப், கெட்டியாக, மேலே அவகாடோ துண்டு, அடியில் இளகிய சீஸ். அதைப் போய் அவசரமாகக் குடிப்பதா? சைவக்காரர்கள் இறைச்சிச் சாறு சேர்த்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்க டாலர்தான் புழக்கம், சில்லறையாக வைத்திருங்கள்.