ரப்பரா, நான்-வோவனா: தகட்டின் ஈரம் பிழியும் ரோல்களைச் சோதித்துத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சூடாக்கி உருட்டித் தகடாக்கும் ஹாட் ரோலிங் முடிந்து வரும் எஃகுச் சுருளின் மேல் கருஞ்சாம்பல் நிறத்தில் ஆக்சைடு படலம் ஒட்டியிருக்கும். தகட்டைச் சூடான ஹைட்ரோகுளோரிக் அமிலத் தொட்டிகள் வழியாக ஓடவிட்டு அதைக் கரைத்து, நான்கைந்து கட்டமாகத் தண்ணீரில் கழுவி, சூடான காற்றில் உலர்த்திச் சுருட்டுவதுதான் பிக்ளிங் லைனின் வேலை. தொட்டிகளின் வாசலில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக நிற்கும் ஜோடி ரிங்கர் ரோல்கள் தகட்டைப் பிழிந்து அனுப்பும். அமிலத் தொட்டியின் வாசலில் பிழிவு சரியில்லை என்றால் அமிலம் கழுவும் தண்ணீரில் கலந்து வீணாகும். கடைசிக் கழுவலுக்குப் பின் சரியில்லை என்றால், ஈரத்தோடு சுருண்ட தகடு உள்ளுக்குள் துருப்பிடிக்கும்.

தண்ணீர்ப் படலம் 1 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, தடிமன் இருந்தால் சதுர மீட்டருக்கு 1 கிராம். 1.2 மீட்டர் அகலத் தகடு நிமிடத்துக்கு 100 மீட்டர் ஓடும்போது, இரண்டு பக்கமும் சேர்த்து மணிக்கு 14 லிட்டருக்கு மேல் தண்ணீர் டிரையருக்குள் போகும். படலம் 5 மைக்ரான் ஆனால் 72 லிட்டர். அதை ஆவியாக்க மட்டும் ஏறக்குறைய 50 கிலோவாட் வேண்டும். தகடு உறிஞ்சும் சூடு தனிக் கணக்கு.

போட்டியில் இருப்பவை இரண்டு வகை. ஒன்று, இரும்பு உருளை மேல் ரப்பரோ பாலியூரித்தேனோ போர்த்தியது. இன்னொன்று நான்-வோவன் ரோல்: நெய்யாத துணியை வட்ட வட்டமாக வெட்டி, தண்டில் கோத்து, ஹைட்ராலிக் பிரஸ்ஸில் இறுக்கி, லேத்தில் கடைந்து எடுத்தது. தொட்டுப் பார்த்தால் கெட்டியாக இருக்கும், ஆனால் உள்ளே முழுக்க நுண்துளைகள்.

வித்தியாசத்தின் வேர் அந்தத் துளைகளில்தான் இருக்கிறது. வழுவழுப்பான ரப்பர் ரோல் வேகமாகச் சுழலும்போது, ரோலும் தகடும் சேரும் இடத்தில் தண்ணீர் ஆப்பு போல உள்ளே நுழைந்து ரோலைத் தூக்கிவிடும். மழை ரோட்டில் வேகமாகப் போகும் டயர் தண்ணீர் மேல் மிதக்கிறதே, அதே கதை. இந்த இடத்தில் லைனில் இருப்பவர்கள் முதலில் செய்வது, ரோல்களை அழுத்தும் சிலிண்டரின் காற்றழுத்தத்தைக் கூட்டுவது. அது பெரிதாக உதவாது. மென்மையான பரப்புகளுக்கு நடுவே சிக்கும் திரவப் படலத்துக்கு ஹாம்ராக், டௌசன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1978-ல் கொடுத்த சூத்திரத்தில், படலத்தின் தடிமன் வேகத்தின் 0.65 அடுக்கோடு ஏறுகிறது; சுமை கூடினால் 0.21 அடுக்கில்தான் குறைகிறது. அதாவது வேகத்தை இரட்டித்தால் படலம் 57 சதவீதம் கூடும். சுமையை இரட்டித்தால் குறைவது 14 சதவீதம்கூட இல்லை. ரிங்கர் ரோலுக்கு இந்த எண்கள் அச்சு அசலாகப் பொருந்தாது, போக்கு இதுதான். அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால் மிச்சம் ரோலின் தேய்மானம்தான்.

அதே சூத்திரத்தில் வேகத்தோடு கைகோத்து வருவது திரவத்தின் பாகுநிலை, அதாவது ஓடுவதற்கு அது காட்டும் எதிர்ப்பு. 20 டிகிரியில் இருக்கும் தண்ணீரைவிட 80 டிகிரி தண்ணீருக்கு அது மூன்றில் ஒரு பங்குதான். கடைசிக் கழுவலைச் சூடாக வைத்தாலே படலம் பாதிக்குக் கிட்ட குறையும். புது ரோலுக்கு ஆர்டர் போடும் முன் இதைப் பார்த்துவிட வேண்டும்.

நான்-வோவனில் அந்த ஆப்பு நிற்காது. தண்ணீர் துளைகளுக்குள் நுழைந்து அழுத்தம் தணிந்துவிடும். அதனால் மெதுவாக ஓடும் லைனில் இரண்டு ரோலும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியும், வேகம் ஏற ஏற இடைவெளி விரியும். வாங்குவதற்கு முன் குறைந்த வேகத்தில் ஓட்டிக் காட்டப்படும் எந்தச் சோதனையையும் இதனால்தான் நான் ஏற்பதில்லை. லைனின் உச்ச வேகம் வரை படிப்படியாக ஏற்றி, படலம் எங்கே சட்டென்று தடிக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒப்பிடும்போது சிலிண்டரின் கேஜ் அழுத்தத்தைச் சமமாக வைத்தால் போதாது, ரோல் நீளத்தின் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோநியூட்டன் என்பது சமமாக இருக்க வேண்டும். சிலிண்டரின் விட்டம் மாறினால் அதே கேஜ் அழுத்தத்துக்கு வேறு சுமை வரும்.

சரி, மீந்த ஈரத்தை அளப்பது எப்படி? எடை போட்ட துணியால் 10 சென்டிமீட்டர் சதுரத்தைத் துடைத்து மறுபடி எடை பார்ப்பது எண்ணெய்க்குச் சரிவரும். தண்ணீருக்கு வராது: 1 மைக்ரானுக்கு அங்கே கிடைப்பதே 10 மில்லிகிராம், லைனை நிறுத்தித் துணியை வைப்பதற்குள் சூடான தகட்டில் அது பறந்துவிடும். அகச்சிவப்பு அளவி ஓடும்போதே அளக்கும்; நல்லது, ஆனால் விலை அதிகம்.

அமிலத் தொட்டியின் வாசலுக்கு இன்னும் எளிய வழி உண்டு. குளோரைடே நமக்குச் சாட்சி. கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: முதல் கழுவு தொட்டியிலிருந்து மணிக்கு 3,000 லிட்டர் வழிந்து போகிறது, அதில் லிட்டருக்கு 4 கிராம் குளோரைடு. மொத்தம் 12 கிலோ. கடைசி அமிலத் தொட்டியில் லிட்டருக்கு 200 கிராம் என்றால், தகடு மணிக்கு 60 லிட்டர் அமிலத்தைத் தூக்கி வந்திருக்கிறது. நாம் எடுத்துக்கொண்ட அகலத்துக்கும் வேகத்துக்கும் இது 4 மைக்ரான் சொச்சம். குளோரைடின் அளவைக் கண்டுபிடிக்க டைட்ரேஷன் செய்யும் ஆய்வகமும் ஒரு ஃப்ளோ மீட்டரும் போதும். லைன் சில மணி நேரம் ஒரே சீராக ஓடிய பிறகு மாதிரி எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தக் கணக்கு சொல்வது சராசரி. உண்மையான தொல்லை ஓரத்தில் இருக்கிறது. 4 மில்லிமீட்டர் தகட்டை இரண்டு ரோல்கள் கவ்வும்போது, தகடு முடியும் இடத்தில் மேல் ரோலும் கீழ் ரோலும் உடனே ஒன்றையொன்று தொட முடியாது. தகட்டின் விளிம்புக்கு வெளியே முக்கோணமாக ஒரு சந்து விடும். தண்ணீர் அது வழியே ஓடி விளிம்பில் ஒட்டிக்கொண்டு வரும். மென்மையான ரப்பர் போட்டால் சந்து சிறுத்துவிடும், ஆனால் வெட்டு விளிம்பின் பிசிறு அதைச் சீக்கிரம் கிழிக்கும். சில வாரத்தில் ரோலில் இரண்டு பள்ளம் விழும். அப்புறம் அகலம் கூடிய சுருள் வரும்போது, பழைய பள்ளங்கள் இருந்த இடத்தில், தகட்டின் ஓரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி, இரண்டு ஈரக் கோடுகள் நீளவாக்கில் ஓடும். அடுத்த வாரம் சுருளைப் பிரித்தால் அதே இடத்தில் இரண்டு துருக் கோடுகள்.

நான்-வோவனின் பெரிய பலம் இங்கேதான். விளிம்பு அழுத்திய தடம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழுந்துவிடும். சின்ன வெட்டு பட்டாலும் இழைகள் மூடிக்கொள்ளும். ஓரத்தைச் சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். நின்றிருக்கும் ரோல்களுக்கு நடுவே கார்பன் தாளும் வெள்ளைத் தாளும் வைத்து அழுத்தி எடுத்தால் பள்ளம் வெள்ளையாகத் தெரியும். நடுவில் தடம் மெலிந்திருந்தால் ரோல் வளைகிறது. கிரைண்டிங்கில் நடுவைச் சற்றே பருமனாக விட வேண்டும்.

இவ்வளவு சொன்னதால் எல்லா இடத்திலும் நான்-வோவனைப் போடச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அமிலத் தொட்டியின் வாசலில் நான் ரப்பரைத்தான் வைப்பேன். அங்கே கரையாத ஆக்சைடு செதில் துணுக்குகளும் இரும்புப் பொடியும் வரும். துளைகள் அடைத்துப்போன நான்-வோவன், விலை உயர்ந்த சொரசொரப்பான உருளை மட்டுமே. நைலான் இழை சூடான ஹைட்ரோகுளோரிக்கில் நிற்காது. பாலிப்ரொப்பிலீன் அமிலத்தைத் தாங்கும், சூட்டில் இளகும். ரப்பரிலும் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ஹைபலான் என்ற ரப்பர் வகை அமிலத்துக்கு நல்லது. டூபான்ட் நிறுவனம் அந்தப் பெயரில் செய்வதை 2010-ல் நிறுத்திவிட்டாலும் அதே வகை ரப்பர் கிடைக்கிறது. இபிடிஎம் என்ற ரப்பர் சூடான தண்ணீரையும் காரத்தையும் தாங்கும், எண்ணெய் பட்டால் ஊதிவிடும். பாலியூரித்தேன் வெட்டுக்கு அசையாது, சூடான ஈரத்தில் நாளடைவில் சிதையும். சேலம் உருக்காலை போல ஸ்டெயின்லெஸ் தகடு செய்யும் இடங்களில் வழக்கமாக நைட்ரிக், ஹைட்ரோஃப்ளூரிக் கலவை ஓடும். நைட்ரிக் பல ரப்பர்களை அரித்துவிடும் என்பதால் அங்கே கதையே வேறு.

கடைசிக் கழுவலுக்குப் பின், டிரையருக்கு முந்தைய ஜோடிக்கு நான்-வோவன்தான். விலை கூடுதலாக இருந்தாலும் அந்த ஒரு ஜோடிக்குக் கொடுக்கலாம். ஆனால் லைன் நின்றால் காய்ந்து இறுகவிடாமல் நனைத்து வைக்க வேண்டும். ஓரத்தில் வேகமாகக் காற்றை ஊதும் ஏர் நைஃப் ரப்பர் ரோலின் குறையைக் கொஞ்சம் மூடும். கம்ப்ரஸர் காற்றின் செலவைப் பார்த்தால் அதை மட்டும் நம்பி ஓட்ட முடியாது.

ஆர்டர் எழுதும்போது புது ரோலின் அளவீட்டோடு நிறுத்தாமல், மூன்று மாதம் ஓடிய பின் உச்ச வேகத்தில் ஓரத்திலும் நடுவிலும் எத்தனை மைக்ரான் என்ற நிபந்தனையையும் சேர்த்துக் கேளுங்கள். ரப்பர் என்றால் அதற்குள் எத்தனை முறை கிரைண்டிங் போனது, ஒவ்வொரு முறையும் விட்டம் எவ்வளவு இறங்கியது என்ற பதிவையும் பக்கத்தில் வைத்துத்தான் விலையை ஒப்பிட வேண்டும்.